பூனைக்கண்ணும் பொறணி பேசற வாயும்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசனை. குடும்ப விஷயம். கடைசியில தங்கச்சிகிட்டயே கேட்டேன். "பேரு போடாம எழுதுண்ணா. ஆனா எழுது"ன்னா. அதனால எழுதறேன். வழக்கமா சத்தி சந்தை, பவானி ஆறு, பழைய பாட்டுன்னு மொக்கை போடறவன் இன்னிக்கு கொஞ்சம் சூடா இருக்கேன், பொறுத்துக்குங்க.

விஷயம் இதுதான். தங்கச்சி மகளுக்கு ஒரு வயசு ஆச்சு. பண்ணாரியில மொட்டை போட்டு காது குத்தினோம். பாப்பாவோட கண்ணு தேன் நிறத்துக்கும் பச்சைக்கும் நடுவுல ஒரு நிறம். வெயில்ல பார்த்தா பச்சை தூக்கலா தெரியும். நம்ம ஊர் பாஷையில பூனைக்கண்ணு. தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் சாதாரண கருவிழி. பந்தி நடந்துட்டிருக்கு, ஒறம்பரை எல்லாம் உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை வீட்டு வகையில ஒரு பெரியவர் பாப்பாவைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு கொஞ்சறார்.

"ஏஞ்சாமி, உங்கய்யனுக்கும் கருகருன்னு கண்ணு, உங்காத்தாளுக்கும் கருகருன்னு கண்ணு. நீ மட்டும் இதை ஆருட்ட வாங்கிட்டு வந்த?"

பந்தியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன், அதுதான் இன்னும் உறுத்துது. கேள்வி கேட்டது குழந்தைகிட்ட. பதில் சொல்ல வேண்டியது அம்மா. என்ன ஒரு சாமர்த்தியம் பாருங்க! கோவப்பட்டா, "அட நான் கொழந்தையக் கொஞ்சினேன், நீ என்ன அம்மிணி தப்பா எடுத்துக்கற"ன்னு சொல்லிடலாம். கோவப்படலைன்னா, கேள்வி அங்கேயே உக்காந்துக்கும்.

உக்காந்துக்கிச்சு. மாமியார் பேச்சைக் குறைச்சாங்க. மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், ஆனா அவரும் குழந்தையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு கண்ணையே பார்க்க ஆரம்பிச்சுட்டாராம். ஒரு நாள் ராத்திரி தங்கச்சி பையைத் தூக்கிக்கிட்டு சத்திக்கு வந்துட்டா. மூணு வாரம் இருந்தா. அந்த மூணு வாரத்துல என்கிட்ட வந்து "விளக்கம்" சொன்னவங்க மூணு வகை. மூணு பேருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

முதல் வகை: பிளஸ் டூ பயாலஜி புலிகள்

"கறுப்பு டாமினன்ட் மச்சான். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கறுப்புன்னா குழந்தைக்கும் கறுப்புதான் வரணும். சயின்ஸே அப்படித்தான் சொல்லுது." சொன்னவர் இன்ஜினியர்.

ஐயா, சயின்ஸ் அப்படிச் சொல்லவே இல்லை. நீங்க படிச்ச அந்த நாலு கட்டம் போட்ட பாடத்தையே முழுசா படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். மெண்டல் சாமியார் 1866-ல் பட்டாணிச் செடி பத்தி எழுதினதோட சாரமே, ஒளிஞ்சிருக்கிற குணம் அழிஞ்சு போறதில்லை, ஒரு தலைமுறை தள்ளி வெளிய வரும்ங்கறதுதான். அப்பாகிட்ட ஒரு கறுப்பு, ஒரு வெளிர். அம்மாகிட்டயும் ஒரு கறுப்பு, ஒரு வெளிர். ரெண்டு பேரும் பார்க்க கருவிழிதான். குழந்தை ஆளுக்கு ஒண்ணா வாங்கிக்கும். ரெண்டுமே வெளிரா அமைய நாலில் ஒரு வாய்ப்பு. நூத்துக்கு 25! இதுல எங்கேய்யா தப்பு நடந்திருக்கு? உங்க பாடத்துப்படியே பார்த்தாலும், கருவிழி அப்பா அம்மாவுக்கு வெளிர்க்கண் குழந்தை பிறக்கறது கணக்குக்குள்ள அடங்கின சங்கதி.

அந்தப் பழைய விதி "நடக்காது"ன்னு சொன்னது இதுக்கு நேர் எதிரான ஒண்ணை: ரெண்டு நீலக்கண்ணர்களுக்கு கருவிழிக் குழந்தை பிறக்காதுன்னு. நம்மாளு பாதி பாடத்தைப் படிச்சுட்டு அதையும் தலைகீழா மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு மேல தீர்ப்பு சொல்றார்.

இன்னொரு வேடிக்கை, அந்த விதியே சரியில்லை. 1907-ல் அமெரிக்காவுல டேவன்போர்ட்டுன்னு ஒருத்தர் தன் மனைவியோட சேர்ந்து கண் நிறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஒரு ஜோடிக் காரணிதான் கண் நிறத்தை முடிவு பண்ணுதுங்கற எண்ணம் அங்கிருந்துதான் பரவுச்சு. இதே டேவன்போர்ட்தான் 1910-ல் யூஜெனிக்ஸ் பதிவு அலுவலகம்னு ஒண்ணைத் தொடங்கி, எந்தக் குடும்பத்து ரத்தம் நல்லது, எது கெட்டதுன்னு பட்டியல் போட்டவர். கண்ணைப் பார்த்து ஆளை எடை போடற புத்தி எங்க போய் முடியும்னு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா?

இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது வேற. கண்மணிக்குப் பின்னாடி இருக்கிற அடுக்கு எல்லாருக்கும் கறுப்புதான், வெள்ளைக்காரனுக்கும் கறுப்புதான். வித்தியாசம் முன் அடுக்குல எவ்வளவு மெலனின் இருக்குங்கறதுல. நிறைய இருந்தா கருவிழி. குறைஞ்சா தேன். இன்னும் குறைஞ்சா பச்சை, நீலம். நீலக்கண்ணுல நீலச் சாயம்னு எதுவுமே கிடையாது. வெளிச்சம் சிதறி நீலமா தெரியுது, அவ்வளவுதான். சத்தியில நின்னு பார்த்தா மலை நீலமா தெரியுதே, திம்பம் ரோட்டுல 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய்ப் பாருங்க, அங்க நீலமா இருக்கு? பச்சையும் பாறையும்தான். அதே கணக்கு.

அந்த மெலனினைக் கூட்டிக் குறைக்கிற வேலையில பெரிய பங்கு 15-ஆவது குரோமோசோமில் இருக்கிற ஓசிஏ2-ங்கற ஜீனுக்கு. ஆனா அதோட சுவிட்ச் இருக்கிறது பக்கத்து வீட்டுல, ஹெர்க்2-ங்கற ஜீனுக்குள்ள. அங்க ஒரே ஒரு எழுத்து மாறினா ஓசிஏ2 வேலை மந்தமாகி கண் வெளிறுது. இதை 2008-ல்தான் கண்டுபிடிச்சாங்க. அதோட கதை முடிஞ்சுதா? இல்லை. 2021-ல் ஐரோப்பா, ஆசியா ரெண்டு பக்கத்துலயும் சேர்த்து சுமார் 1,95,000 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. கண் நிறத்தோட தொடர்புள்ள 50 இடங்களை ஜீன்களுக்குள்ள புதுசா கண்டுபிடிச்சாங்க. அத்தனை கை சேர்ந்து கலக்கற சாயம் இது. அதனாலதான் நடக்கவே நடக்காதுன்னு சொன்ன அந்த நீலக்கண் ஜோடிக்கு கருவிழிக் குழந்தையும் எப்பவாவது பிறக்குது. கண் நிறத்தைப் பார்த்து தகப்பன் யாருன்னு சொல்ல முடியும்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு பயாலஜியும் தெரியாது, மரியாதையும் தெரியாது.

இரண்டாம் வகை: சரித்திர சிகாமணிகள்

இவங்க கொஞ்சம் டீசன்ட். "தப்பா சொல்லலீங்க, நம்ம கொங்கு நாட்டுல யவன ரத்தம் இருக்குங்க. கொடுமணல்ல தோண்டினா தெரியுது, வெள்ளலூர்ல ரோமானியக் காசு கெடச்சுதே!" இன்னொருத்தர் ஒரு படி மேல போய், "1790-ல சத்தியமங்கலத்துல திப்புவும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டாங்க இல்ல, அந்தப் பட்டாளம் வந்து போன வழி"ன்னு கண்ணடிச்சார்.

கொடுமணல் உண்மை. வெள்ளலூர் காசும் உண்மை. 1790 சண்டையும் உண்மை. காசு வந்ததுக்கு காசு ஆதாரம். கண்ணு வந்ததுக்கு என்ன ஆதாரம்? வியாபாரி மிளகையும் கல்மணியையும் வாங்கிட்டுப் போனான்னு சொன்னா ஒத்துக்கறேன். ஒரு வீட்டுல ஒரு பாப்பாவுக்கு கண்ணு வெளிறினதும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்துட்டு வர்றது சரித்திரம் இல்லை, பொறணிக்கு வேட்டி கட்டி விடறது. அந்தப் பெரியவர் ஒரு பொண்ணைச் சந்தேகப்பட்டார். நீங்க அவளோட பாட்டிக்குப் பாட்டியைச் சந்தேகப்படறீங்க. வித்தியாசம் அவ்வளவுதானே?

இதுக்குள்ள இன்னொரு தாழ்வு மனப்பான்மையும் ஒளிஞ்சிருக்கு. வெளிர் நிறம் எங்க தெரிஞ்சாலும் அது வெளியூர்க்காரன் குடுத்ததாத்தான் இருக்கணும்ங்கற நினைப்பு. சாலமன் தீவுகள்னு பசிபிக் கடல்ல ஒரு நாடு. கன்னங்கரேல்னு மனுஷங்க, அதுல 100-க்கு 5 முதல் 10 பேருக்கு பொன்னிறத் தலைமுடி. ஆஹா, வெள்ளைக்கார மாலுமி வேலைதான்னு ரொம்ப நாளா உலகமே பேசிச்சு. 2012-ல் ஜீனைப் பார்த்தாங்க. அந்த மாற்றம் ஐரோப்பாக்காரன்கிட்ட இல்லவே இல்லை! அந்த மண்ணுல, அந்த ஜனங்ககிட்டயே தோணினது. தலைமுறை தலைமுறையா அந்தப் பாட்டிகள் மேல ஊர் சுமத்தின பழிக்கு யார் மன்னிப்பு கேட்டது?

வெளிர்க்கண்ணும் வெள்ளைத் தோலும் ஒரே மூட்டையில வர்றதும் இல்லை. ஸ்பெயின்ல லா பிரான்யாங்கற குகையில கிடைச்ச சுமார் 7,000 வருஷத்து எலும்புக்கூட்டோட டி.என்.ஏ.வை 2014-ல் படிச்சாங்க. ஆள் கறுப்புத் தோல், கண்ணு நீலம். தோலுக்கு ஒரு கணக்கு, கண்ணுக்கு ஒரு கணக்கு. "கண்ணு வெளுப்பு, அப்ப ரத்தமே வேற"ங்கறது ஐரோப்பாவுலயே செல்லாத காசு.

கண்ணு வெளிற வைக்கிற எழுத்துகள் நம்ம பக்கம் குறைவு. குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் கிடையாது. மனுஷன் நடந்து திரிஞ்ச காலம் முழுக்க எல்லாரும் எல்லார்கிட்டயும் கலந்துதான் வந்திருக்கோம். அதுல என் தங்கச்சி மட்டும் தனியா கூண்டுல ஏறி நிக்க வேண்டிய அவசியம் என்ன?

மூன்றாம் வகை: "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் இல்லியே"

இதுதான் பலமான கட்சி. மாமியார் கட்சி. "நாலு தலைமுறையா ஆருக்கும் இப்படி இல்லீங்களே"ன்னாங்க. நியாயமான சந்தேகம் மாதிரி தெரியும். கொஞ்சம் கணக்கு போடுவோம்.

ஒரு பேச்சுக்கு, 100 பேர்ல 5 பேர்கிட்ட அந்த ஒளிஞ்சிருக்கிற எழுத்து ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்குவோம். ஊர் பேர் தெரியாத ரெண்டு பேர் கல்யாணம் பண்ணினா, ரெண்டு பேர்கிட்டயும் அது இருக்க 400-ல் ஒரு வாய்ப்பு. அப்புறம் குழந்தைக்கு ரெண்டும் சேர்ந்து வர நாலில் ஒண்ணு. ஆக 1,600 குழந்தைக்கு ஒண்ணு. அதாவது அந்த எழுத்து உங்க வம்சத்துல பத்துத் தலைமுறை சத்தமில்லாம உக்காந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. "இதுவரைக்கும் இல்லை"ங்கறது "பார்த்ததில்லை" மட்டும்தான்.

இப்ப சொந்தத்துல கட்டறதை எடுத்துக்குங்க. தங்கச்சி கட்டினது அத்தை பையனை. அதாவது மாப்பிள்ளையோட அம்மா எங்கப்பாவோட அக்கா. ஒருத்தர்கிட்ட அந்த எழுத்து இருந்தா, அதே தாத்தா பாட்டி வழியா மாமன் மகள்கிட்டயும் அது வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டினா நாலில் ஒண்ணு. வெளியில கட்டினா எங்க கணக்குப்படி இருபதில் ஒண்ணுதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல, தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல நாலில் ஒருத்தருக்கு மேல சொந்தத்துல கட்டினவங்க. இந்தியாவுலயே நாமதான் முன்னணி. சொத்து வெளிய போகக்கூடாதுன்னு சொந்தத்துல கட்டி வெச்சவங்க நீங்க. தாத்தா சொத்து ரெண்டு பக்கமா வந்து ஒரே குழந்தைகிட்ட சேரணும்னு ஆசைப்பட்டீங்க. சேர்ந்துடுச்சு! ரெண்டு பக்கமா வந்த தாத்தா சொத்துதான் அந்தக் கண்ணு. இப்ப வந்து "இது யாரோடது"ன்னா?

யோசிச்சுப் பாருங்க. அந்தக் குழந்தை அந்த வீட்டுக்கு அந்நியம்னு சொல்ல எதை ஆதாரமா தூக்கினாங்களோ, அது அந்த வீட்டோட சொந்தம்னு சொல்ல அதைவிட எளிமையான விளக்கம் இல்லை.

யாருமே கேட்காத கேள்வி

எனக்கு நிஜமாவே கோவம் வந்தது இங்கதான். குழந்தை கண்ணு வித்தியாசமா இருந்தா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. "ஆருட்ட வாங்குச்சு" இல்லை. "பாப்பாவுக்கு காது நல்லா கேட்குதா? பார்வை நல்லா இருக்கா?"

வார்டன்பர்க் சிண்ட்ரோம்னு ஒண்ணு. ஹாலந்துக் கண் டாக்டர் வார்டன்பர்க் 1951-ல் விவரமா எழுதினது. பளிச்சுன்னு நீலக்கண்ணு, இல்லைன்னா ஒரு கண்ணு ஒரு நிறம், சில பேருக்கு முன் நெத்தியில வெள்ளை முடி. இதுல பல பேருக்கு பிறவியிலேயே காது கேட்காது. நிறம் குடுக்கிற அதே வகை செல்கள் உள்காதுக்கும் தேவை, அதனால. இன்னொண்ணு அல்பினிசம். மேல சொன்ன அதே ஓசிஏ2 ஜீன் முழுசா பழுதானா வர்ற ஒரு வகையும் அதுல உண்டு. பார்வை குறையும், கண்ணு ஆடும், வெளிச்சம் கூசும். சீக்கிரம் கண்டுபிடிச்சா காது மெஷின், காக்ளியர் இம்ப்ளான்ட், கண்ணாடின்னு எவ்வளவோ செய்யலாம். காது விஷயத்துல பேச்சு வர்ற வயசைத் தவற விட்டா அப்புறம் பிடிக்கறது கஷ்டம்.

எல்லா பூனைக்கண்ணும் நோய்னு சொல்லலை, பயந்துடாதீங்க. பெரும்பாலும் அது வெறும் நிறம்தான். எங்க பாப்பாவையும் கோயமுத்தூர்ல காட்டினோம். காது, கண்ணு எல்லாம் கச்சிதம். டாக்டர் சிரிச்சுக்கிட்டே "ஜம்முன்னு இருக்கா, கூட்டிட்டுப் போங்க"ன்னார். ஆனா ஒரு வருஷமா அந்தக் கண்ணை அத்தனை பேர் உத்து உத்துப் பார்த்தாங்களே, ஒருத்தர், ஒரே ஒருத்தர், பின்னாடி நின்னு கையைத் தட்டி குழந்தை திரும்புதான்னு பார்த்திருப்பாங்களா? மானத்தைப் பத்தி கவலைப்பட ஊரே வந்தது. குழந்தையைப் பத்தி கவலைப்பட ஆள் இல்லை.

டி.என்.ஏ. எடுத்துட வேண்டியதுதானே?

இதையும் ஒரு புண்ணியவான் சொன்னார். "சந்தேகம் தீர்ந்துடும் பாருங்க." சட்டம் என்ன சொல்லுதுன்னா, கல்யாண பந்தத்துக்குள்ள பிறந்த குழந்தை அந்தக் கணவனோட குழந்தைதான், கணவன் மனைவி சேர்ந்திருக்கவே வாய்ப்பில்லாத காலம்னு நிரூபிச்சா ஒழிய அதை மாத்த முடியாது. 1872 சாட்சியச் சட்டத்துல 112-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல 116-ஆவது பிரிவு. ரத்தப் பரிசோதனையை எடுத்தோம் கவிழ்த்தோம்னு கோர்ட் உத்தரவிடக் கூடாதுன்னு 1993-லேயே கௌதம் குண்டு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2023-லயும் இன்னொரு வழக்குல, டி.என்.ஏ. சோதனை வாடிக்கையாயிடக் கூடாது, பெரியவங்க சண்டைக்கு குழந்தையைப் பகடைக்காய் ஆக்கக் கூடாதுங்கற ரீதியில சொன்னாங்க. நாட்டோட பெரிய கோர்ட்டே கேட்கத் தயங்கற கேள்வியை நம்மாளுங்க பந்தியில பாயசத்துக்கு முன்னாடி கேட்கறாங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

சுபம்தான். மாப்பிள்ளையோட சின்னப்பாட்டி ஒருத்தர் தாளவாடிப் பக்கம் இருக்காங்க, எண்பது தாண்டின மனுஷி. விஷயம் அவங்க காதுக்குப் போயிருக்கு. "கிறுக்குப் பசங்களா, உங்க அப்புச்சியோட அய்யனுக்கு பூனைக்கண்ணுதான். அவரைப் பூனைக்கண்ணர்னுதான் ஊரே கூப்புடும். போட்டோவுல தெரியாது, கறுப்பு வெள்ளை"ன்னு ஒரு போடு போட்டாங்க. மாப்பிள்ளையோட அப்புச்சின்னா எனக்கு அப்பாரு. அவரோட அய்யன் எங்க ரெண்டு குடும்பத்துக்கும் பாட்டன். அவ்வளவுதான், மறுநாளே மாமியார் பலகாரத்தோட வந்தாங்க. மாப்பிள்ளை கண் கலங்கினார். பந்தியில கேட்ட பெரியவர் "எங்க பெரிய பாட்டனே திரும்பி வந்துட்டார்"னு பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினாராம். தங்கச்சி போயிட்டா. எல்லாரும் நிம்மதி.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. அந்தக் கிழவி போன வருஷமே போய்ச் சேர்ந்திருந்தா? அவங்களுக்கு மறதி வந்திருந்தா? அந்தப் பாட்டனுக்கும் கருவிழியா இருந்து, எழுத்து மட்டும் உள்ள ஒளிஞ்சிருந்திருந்தா? உண்மை அப்பவும் அதே உண்மைதானே? ஒரு பொண்ணோட மானம் எண்பது வயசுக் கிழவியோட ஞாபக சக்தியில தொங்கிட்டிருந்தது. ஜெயிச்சது நியாயம் இல்லை, அதிர்ஷ்டம். சாட்சி கிடைக்காத எத்தனை அம்மாக்கள் எத்தனை ஊர்ல வாயை மூடிக்கிட்டு இருக்காங்களோ.

இதே ஜனங்கதான் 'இருவர்', 'ஜீன்ஸ்' காலத்துல இருந்து ஐஸ்வர்யா ராயோட கண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தவங்க. பேனர்ல இருந்தா உலக அழகி. பக்கத்து வீட்டுத் தொட்டில்ல இருந்தா பூனைக்கண்ணு. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

மக்களே, அடுத்த தடவை எந்தத் தொட்டில்லயாவது வித்தியாசமான ஒரு கண்ணைப் பார்த்தீங்கன்னா ரெண்டே ரெண்டு வேலை செய்யுங்க. "கண்ணு அழகா இருக்கு"ன்னு சொல்லுங்க. பின்னாடி போய் நின்னு ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்க. திரும்பிச்சுன்னா சந்தோஷமா சாப்பிடப் போங்க. எங்க பாப்பா திரும்பறா. திரும்பி, அந்தப் பச்சைக் கண்ணால ஒரு முறை முறைக்கிறா பாருங்க... ஆருட்ட வாங்குச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். அது அப்படியே அவங்க அம்மாவோட முறைப்பு :-)

பி.கு: பந்தியில நானும் சிரிச்சேன்னு எழுதியிருக்கேன் இல்லையா, அதை எடுத்துடவான்னு தங்கச்சிகிட்ட கேட்டேன். "இருக்கட்டும்ணா"ன்னா. இருக்கட்டும்.